கோரலைன்: கிணற்றடியில் பிரியும் நாவலும் படமும்

கேள்வி இது: "கோரலைன் படத்தைப் பலமுறை பார்த்தாயிற்று. நாவலைப் படித்துப் பல வருடம் ஆகிறது, கதை மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. மறுபடி படித்தால் புதிதாக ஏதாவது கிடைக்குமா? படம் நாவலை ஒட்டித்தானே போகிறது? வீட்டில் ஒன்பது வயதுக் குழந்தை இருந்தால் எதை முதலில் கொடுப்பது?"

கட்டாயம் மறுபடி படியுங்கள். கதைச் சம்பவங்களில் முக்கால்வாசி இரண்டிலும் ஒன்றுதான் என்பதால், நாவலில் இருப்பதெல்லாம் படத்திலும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் படம் பயத்தின் ஊற்றை இடம் மாற்றிவிட்டது. படத்தில் பயம் ஆசையிலிருந்து பிறக்கிறது: அங்கே கிடைக்கும் அன்பும் சோறும் தோட்டமும் அவ்வளவு அழகு, சிறுமி மயங்கிவிடுவாளோ என்று பதறுகிறோம். நாவலில் அவள் பெரிதாக மயங்குவதே இல்லை. என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தும், துணைக்கு யாரும் இல்லாமல் திரும்பிப் போகிறாளே என்பதுதான் அங்கே பயம். இந்த ஒரு வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், சின்னச் சின்ன மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஏன் நடந்தன என்று விளங்கும்.

நீல் கெய்மன் எழுதிய நாவல் 2002இல் வந்தது. மூத்த மகளுக்காகத் தொடங்கி, இடையில் பல வருடம் கிடப்பில் கிடந்து, இளைய மகளுக்காக முடித்த புத்தகம். பதின்மூன்று அத்தியாயங்கள்தான், சத்தமாக வாசித்தால் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். டேவ் மெக்கீனின் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கோணலான கோடுகளும் நீண்ட விரல்களுமாக, படத்தின் வண்ணங்களுக்கு நேர் எதிரான ஓர் உலகம் அதில் இருக்கிறது. ஹென்றி செலிக் இயக்கிய படம் 2009 பிப்ரவரியில் வெளியானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் லைக்கா ஸ்டுடியோவின் முதல் முழுநீளப் படம் அது. பொம்மைகளைக் கையால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுக்கும் ஸ்டாப் மோஷன் முறை. செலிக் இதற்கு முன் 1993இல் 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தை இயக்கியவர். இந்த முறையில் அவருக்கு மேலே சொல்ல ஆட்கள் குறைவு.

கதையின் எலும்புக்கூட்டை நினைவுபடுத்திக்கொள்வோம். பழைய பெரிய வீட்டின் ஒரு பகுதிக்குக் குடிவந்த சிறுமி கோரலைன். பெற்றோர் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு கதவைத் திறந்தால் செங்கல் சுவர்தான் இருக்கிறது. ஒருநாள் அந்தச் சுவர் காணாமல்போய் ஒரு நடை தெரிகிறது. அதன் மறுமுனையில் இதே போன்ற இன்னொரு வீடு, அங்கே கண்ணுக்குப் பதில் கறுப்புப் பொத்தான் தைத்த இன்னொரு அம்மா, இன்னொரு அப்பா. என்றைக்கும் இங்கேயே இருக்கலாம், உன் கண்ணிலும் பொத்தான் தைத்துக்கொண்டால் போதும் என்கிறாள் அந்த அம்மா. கோரலைன் மறுக்கிறாள். அவளுடைய நிஜப் பெற்றோர் களவுபோகிறார்கள். அவர்களையும், முன்பே அங்கு சிக்கி இறந்த மூன்று குழந்தைகளையும் அவள் மீட்க வேண்டும்.

வேறுபாடு முதலில் கண்ணில் படுவது இன்னொரு அம்மாவின் அறிமுகத்தில். நாவலில் அவள் முதல் நொடியிலிருந்தே சரியில்லாதவள். தோல் காகிதம்போல வெளுத்திருக்கிறது. அம்மாவைவிட உயரம், அம்மாவைவிட ஒல்லி. விரல்கள் அளவுக்கு மீறி நீளம், ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. நகங்கள் அடர் சிவப்பு, வளைந்து கூராக இருக்கின்றன. வாசகருக்கும் கோரலைனுக்கும் உடனே உறைத்துவிடுகிறது. படத்தில் அவள் அடுப்படியில் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு சமைக்கும், அச்சு அசலாக அம்மாவைப் போன்ற ஒருத்தி. பொத்தான் கண்ணைத் தவிர விகாரம் எதுவும் இல்லை. நிஜ அம்மாவைவிடச் சிரித்த முகம், திருத்திய உடை. படம் போகப்போகத்தான் அவள் நீள்கிறாள், ஒடுங்குகிறாள், கடைசியில் ஊசிக் கால்களுள்ள சிலந்தியாகிறாள். நாவலில் மொட்டு மலர்வதுபோல வெளிப்படுவது அவளுடைய பசி. படத்தில் வெளிப்படுவது அவளுடைய உருவம்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். நாவலில் முதல் விருந்து பொன்னிறமாக வறுத்த முழுக்கோழி, பொரித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி. அவ்வளவுதான். சாதாரண வீட்டுச் சாப்பாடு, ஆனால் யாரோ அக்கறையாகச் செய்தது. நிஜ அப்பாவோ புத்தகத்தைப் பார்த்து எதையாவது புதுமையாகச் சமைத்து வைப்பவர்; அவள் அதைத் தொடாமல் உறைபெட்டியிலிருந்து பீட்சாவை எடுத்துச் சூடாக்கிக்கொள்வாள். வித்தியாசம் ஆடம்பரத்தில் இல்லை, கவனிப்பில் இருக்கிறது. படம் இதையே திருவிழாவாக்குகிறது: மேசைமேல் குழம்பு சுமந்து ஓடும் பொம்மை ரயில், கேட்ட பானத்தை ஊற்றும் தொங்கு சரவிளக்கு. கோரலைன் கேட்பது மாம்பழ மில்க்ஷேக்! பிறகு அவள் முகத்தின் வடிவத்தில் பூத்துக் கிடக்கும் தோட்டம், துள்ளும் சுண்டெலிகளின் சர்க்கஸ். பார்ப்பவருக்கே அங்கு தங்கிவிடலாமா என்று தோன்ற வேண்டும், அதுதான் செலிக்கின் கணக்கு. அந்தக் கணக்கு பலிக்கிறது.

கதையின் வரிசையையே இந்தக் கணக்குக்காக அவர் மாற்றியிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். நாவலில் கோரலைன் மறுபக்கம் முதன்முறை போகும்போதே பொத்தான் பேச்சு வந்துவிடுகிறது. அவள் வேண்டாம் என்கிறாள். தன் காலால் நடந்து, கதவைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அடுத்து அவள் அங்கு போவது பெற்றோரை மீட்க மட்டுமே. படத்தில் மூன்று முறை போகிறாள். முதல் முறை விருந்து, இரண்டாம் முறை தோட்டமும் சர்க்கஸும், மூன்றாம் முறை நாடகம். அதன் பிறகுதான் ஊசியும் நூலும் மேசைக்கு வருகின்றன. மறுத்ததும் அவளை வெளியே விடுவதில்லை. தூங்கி எழுந்தால் வீட்டில் இருப்போம் என்று படுக்கிறாள்; விழித்தால் அங்கேயே கிடக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் அடைக்கப்படுகிறாள். அங்கிருந்து அவளை இழுத்து வெளியேற்றுவது இன்னொருவன்.

அந்த இன்னொருவன்தான் வைபி. நாவலில் இந்தப் பையன் கிடையாது. படத்துக்காகச் செலிக் உருவாக்கிய பாத்திரம். காரணத்தை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: நாவலில் கோரலைனின் மனத்துக்குள் ஓடுவதை எழுத்தில் சொல்லிவிடலாம், திரையில் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்க முடியாது, பேச்சுத்துணைக்கு ஒருவர் வேண்டும். நியாயமான தொழில்நுட்பக் காரணம். திரைக்கதை எழுதுகிறவர் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. மனக்குரலைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கலாம்; ஆனால் அப்படிச் செய்தால் பயம் வடிந்துபோகும், ஏனென்றால் குரல் கேட்கும்வரை ஆள் பத்திரம் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

வைபி இன்னும் இரண்டு வேலை பார்க்கிறான். அவன் பாட்டியின் இரட்டைச் சகோதரி சின்ன வயதில் அந்த வீட்டில் காணாமல்போனவள். மூன்று ஆவிக் குழந்தைகளில் ஒருத்தி அவளே. நாவலில் அந்தக் குழந்தைகள் யார், எந்தக் காலத்தவர் என்பது மங்கலாகவே விடப்படுகிறது; தங்கள் பெயர்கூட அவர்களுக்கு மறந்துவிட்டது. படம் அந்த மங்கலுக்கு ஒரு குடும்பத்தையும் முகவரியையும் கொடுக்கிறது. அடுத்தது, மறு உலகத்தில் பேச முடியாத இன்னொரு வைபி. அவன் சிரிக்காததால் இன்னொரு அம்மா அவன் வாயை இழுத்துச் சிரிப்பாகத் தைத்துவிடுகிறாள். படத்தின் கொடூரமான கற்பனைகளில் முதலிடம் அதற்குத்தான். நாவலில் இல்லாவிட்டாலும் நாவலின் இரத்தத்திலிருந்தே பிறந்தது.

ஆனால் வைபிக்குக் கொடுத்த விலை பெரிது. நாவலின் இதயம் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பெற்றோர் காணவில்லை. கூடத்து நிலைக்கண்ணாடிக்குள் அவர்கள் தெரிகிறார்கள்; அம்மா மூச்சுவிட்டுக் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் உதவி கேட்டு எழுதுகிறாள். கோரலைன் போலீசுக்குப் போன் செய்கிறாள். அந்தப் பக்கம் பேசுகிறவர் கெட்ட கனவு என்று முடிவுகட்டி, அம்மாவிடம் சூடாக ஏதாவது குடிக்க வாங்கிக்கொண்டு கட்டிப்பிடித்துக்கொள் என்கிறார். அவர் கனிவாகத்தான் பேசுகிறார், ஆனால் அந்தக் கனிவால் பயன் இல்லை. அந்த இடத்தில் அவள் முழுத் தனியாள். அதன் பிறகு, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு மறுபக்கம் போகும் வழியில், கூட வரும் கறுப்புப் பூனையிடம் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறாள்.

அவள் சின்னவளாக இருந்தபோது அப்பா அவளைக் குப்பைமேட்டுப் பக்கம் சுற்றிப்பார்க்க அழைத்துப் போனார். குளவிக்கூட்டை மிதித்துவிட்டார்கள். அப்பா அவளை மேட்டைப் பார்த்து ஓடச் சொல்லிவிட்டு, தான் அங்கேயே நின்று கொட்டு வாங்கினார். பிறகு எண்ணியதில் 39 இடம். அன்று ஓடியபோது அவருடைய மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது. அதை எடுக்க அன்றே மறுபடி தனியாகப் போனார். நின்று கொட்டு வாங்கியதை அப்பா தைரியம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மகள் தப்பிக்க அது ஒன்றுதான் வழி, யோசிக்கவே இடமில்லை. குளவி இருக்கிறது என்று தெரிந்து, பயந்து நடுங்கிக்கொண்டே கண்ணாடியை எடுக்கப் போனதுதான் தைரியம். இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டேதான் அவள் மறுபக்கம் போகிறாள்.

படத்தில் இந்தக் குளவிக் கதை இல்லை. சில நிமிடப் பேச்சுதான், வெட்டியதால் சம்பவம் எதுவும் குறையவில்லை. ஆனால் அதை எடுத்தவுடன் கோரலைன் ஏன் திரும்பிப் போகிறாள் என்பதற்கு விடை மாறிவிடுகிறது. படத்தில் பெற்றோர் மீதுள்ள பாசமும் குற்ற உணர்ச்சியும் அவளை அனுப்புகின்றன. நாவலில் தைரியம் என்றால் என்ன என்று அவளுக்குள் ஏற்கெனவே ஓர் இலக்கணம் இருக்கிறது, அதை இப்போது அவள் செய்துபார்க்கிறாள். மறுவாசிப்பில் இந்தப் பக்கங்களை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொல்வேன்.

நாவலின் மறுபாதியை வாசிக்கும்போது அப்பா என்ற சொல்லின் மேலும் கண் இருக்கட்டும். காலியான குடியிருப்பின் நிலவறையில் இன்னொரு அப்பாவை அவள் சந்திக்கிறாள். இன்னொரு அம்மாவுக்கு இனி அவர் தேவையில்லை. உருவம் கரைந்து, பிசைந்த மாவைப் போல வெளுத்து உப்பி, புழுவுக்கும் மனிதனுக்கும் இடையில் கிடக்கிறார். அவளைத் தாக்கும்படி அவருக்கு உத்தரவு. அவரோ அவளை ஓடிப்போ என்று எச்சரிக்கிறார், அடுத்த நொடி உத்தரவு அவரை மீறுகிறது. குளவிக் கூட்டின் நடுவே நின்று மகளை ஓடச் சொன்ன நிஜ அப்பாவின் நிழல் அது. இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் படித்தால் நிலவறைக் காட்சி வெறும் அருவருப்பாக நிற்காது, தொண்டையை அடைக்கும். படம் அவரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, கும்பிடுபூச்சி வடிவ இயந்திரத்தின் மேல் உட்காரவைத்து, கைகளைக் கட்டாயமாக இயக்கவைக்கிறது. அங்கும் அவர் மனமில்லாமல்தான் தாக்குகிறார். மூழ்கும் முன் கோரலைன் தேடும் பொருளை அவளிடம் எறிகிறார். நல்ல காட்சி. நிலவறையின் ஈரமும் இருட்டும் மட்டும் அதில் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும்: படம் ஏன் எல்லாவற்றையும் துரத்தலாக மாற்றுகிறது? நாவலில் மூன்று ஆவிகளின் உயிர்களைத் தேடும் விளையாட்டுக்குக் கெடு எதுவும் கிடையாது. கோரலைன் அறை அறையாகப் போகிறாள், ஓட்டைக் கல்லைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறாள், உயிர் ஒளிந்திருக்கும் கோலிக்குண்டு மட்டும் நிறத்தோடு ஒளிர்கிறது. பயம் மெதுவாகச் சேர்கிறது. திரையில் மெதுவாகச் சேரும் பயத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்குவது கடினம். அதனால் படம் நிலவை ஒரு கடிகாரமாக்குகிறது: பொத்தான் வடிவ நிழல் கொஞ்சம் கொஞ்சமாக நிலவை மூடுகிறது, மூடி முடிவதற்குள் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் உலகத்தின் ஒரு பகுதி நிறமிழந்து சாம்பலாகிறது. நாவலிலும் அந்த உலகம் தேய்கிறது. வீடு தட்டையான சித்திரம்போல ஆகிறது. படம் அந்தத் தேய்வைக் கண்ணால் பார்க்கும் கணக்காக மாற்றியது சாமர்த்தியம். நாவலில் தேடுவது உயிர்களை, படத்தில் கண்களை என்ற சின்ன மாற்றமும் இதே ரகம்: உயிரைக் காட்ட முடியாது, கண்ணைக் காட்டலாம், பொத்தானோடும் பொருந்துகிறது.

இனி படத்தை மட்டும் தனியாக மெச்ச வேண்டிய இடம். வண்ணம் மட்டும்தான் இரண்டு உலகங்களையும் பிரிக்கிறது என்று நினைப்போம். தரையைப் பாருங்கள். நிஜ வீட்டின் அறைகளை ஆழம் குறைத்து, நெருக்கி, தரையைச் சாய்த்துக் கட்டினார்கள்; மறு உலகத்தின் அறைகளை நல்ல ஆழத்தோடு கட்டினார்கள். கேமரா ஒரே கோணத்தில் பார்த்தாலும், நிஜ அடுப்படியில் மூச்சு முட்டுவதும் மறு அடுப்படியில் நெஞ்சு விரிவதும் அதனால்தான். முப்பரிமாணத்தில் எடுத்த படம் இது. ஒரே கேமராவை இடக்கண்ணுக்கு ஒருமுறை, சில மில்லிமீட்டர் நகர்த்தி வலக்கண்ணுக்கு ஒருமுறை என்று ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு படம் எடுத்தார்கள். பொம்மைக்கு அசைவு இல்லாததால் இது சாத்தியம். அந்த இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் மறு உலகத்துக்கு ஆழம் ஏற்றினார்கள். முப்பரிமாணத்தைப் பொருளை முகத்தில் எறிவதற்குப் பயன்படுத்தாமல் கதை சொல்லப் பயன்படுத்திய படங்களில் இது முன்வரிசை. சாதாரணத் திரையில் பார்த்தாலும் சாய்ந்த தரையும் தாழ்ந்த கூரையும் தெரியும். இரண்டு அடுப்படிக் காட்சிகளையும் அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள்.

முகபாவத்துக்கு முப்பரிமாண அச்சில் வார்த்த முகத்துண்டுகளைப் பயன்படுத்திய முதல் முழுநீள ஸ்டாப் மோஷன் படமும் இதுதான். முகத்தைப் புருவப் பகுதி, வாய்ப் பகுதி என இரண்டாகப் பிரித்து, தனித்தனியாக மாற்றி மாட்டினார்கள். கோரலைனுக்கு இப்படி 2,07,336 முகபாவங்கள் சாத்தியம் என்பது படக்குழு சொன்ன கணக்கு. இரண்டு துண்டும் சேரும் கோடு கண்ணுக்குக் குறுக்கே ஓடும். அதைக் கணினியில் ஒவ்வொரு சட்டகமாக அழித்தார்கள். மரத்தில் பூத்திருக்கும் பூக்கள் சாயம் பூசிய சோளப்பொரி. கோரலைனின் நட்சத்திர ஸ்வெட்டரும் கையுறைகளும் ஊசியைவிட மெல்லிய கம்பிகளால் நிஜமாகவே பின்னப்பட்டவை. படத்தின் தொடக்கத்தில், ஊசி விரல்கள் ஒரு துணிப்பொம்மையைப் பிரித்து, உள்ளே அடைத்திருப்பதை உருவி, கோரலைனாக மறுபடி தைக்கும் காட்சி நாவலில் இல்லாதது. தையல் வேலையைக் கையால் செய்யும் படம், தையல்காரியான அரக்கியைத் தையலாலேயே அறிமுகம் செய்கிறது. எழுத்தால் இது முடியாது.

இடமாற்றத்தை வேகமாகக் கடந்துவிடலாம். நாவல் இங்கிலாந்தில் நடக்கிறது, படம் ஓரிகனில். மழையும் மூட்டமும் இரண்டு இடத்துக்கும் பொது என்பதால் பெரிய சேதம் இல்லை. கீழ்த்தளத்து முன்னாள் நடிகைகள் இருவரும் பிரிட்டிஷ்காரர்களாகவே இருக்கிறார்கள்.

மேல்மாடிக் கிழவரிடம் மட்டும் ஒரு நுட்பம் தொலைந்திருக்கிறது. படத்தில் அவர் நீல நிறத் தோலும் நெஞ்சில் செர்னோபில் பதக்கமுமாகக் குதித்து வந்து, பாபின்ஸ்கி என்று பெயர் சொல்லி அறிமுகமாகிறார். நாவலில் கடைசிவரை அவர் 'மேல்மாடிக் கிறுக்குக் கிழவர்' மட்டும்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் பெயர் போபோ என்று கோரலைனுக்குத் தெரிகிறது. அவருக்கும் ஒரு பெயர் இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. கதை முழுக்க அக்கம்பக்கத்தார் அவளைக் கேரலைன் என்று தப்பாகக் கூப்பிடுகிறார்கள், அவள் ஒவ்வொரு முறையும் திருத்துகிறாள். தன் பெயருக்காக அவ்வளவு போராடிய குழந்தை, கடைசியில் இன்னொருவருக்கும் பெயர் உண்டு என்று அறிகிறாள். பெயரே வேண்டாம், நாங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்லும் பூனை, பெயரை மறந்த ஆவிக் குழந்தைகள், இவர்களையும் சேர்த்தால் நாவல் முழுக்கப் பெயர் ஒரு நூலாக ஓடுகிறது. முதல் வாசிப்பில் இது பெரும்பாலும் தப்பிவிடும்.

இந்தக் கதையின் வேரைப் பற்றியும் இரண்டு வரி. 1882இல் லூசி கிளிஃபோர்டு எழுதிய 'தி நியூ மதர்' என்ற சிறுகதையில், பிள்ளைகள் வேண்டுமென்றே குறும்பு செய்துகொண்டே போக, அம்மா வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். கண்ணாடிக் கண்ணும் மரவாலும் கொண்ட புது அம்மா வருகிறாள். கெய்மன் அதைத் தன் தூண்டுதல்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். அங்கே பயம் தண்டனை. சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் பூச்சாண்டி வருவான் என்ற அதே மிரட்டல். கோரலைன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான். தண்டனைக் கதையைத் தைரியக் கதையாகத் திருப்பியதில்தான் கெய்மனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். இரண்டும் ஒட்டவே முடியாமல் பிரிவது இங்கேதான். கதவைச் சாத்தும்போது இன்னொரு அம்மாவின் வலக்கை அறுபட்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. அந்தக் கதவின் சாவியைத் தேடி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஊர்கிறது. நாவலில் கோரலைன் இதற்கு ஒரு பொறி வைக்கிறாள். தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் பாழுங்கிணற்றின் பலகைகளை, பெருமுயற்சியோடு, தனியாக, நகர்த்துகிறாள். திறந்த வாயின் மேல் காகித மேசைவிரிப்பை விரிக்கிறாள். அது பறக்காமலும் உள்ளே விழாமலும் இருக்க ஓரங்களில் பிளாஸ்டிக் பொம்மைக் கோப்பைகளை வைத்து, எடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். சுற்றிப் பொம்மைகளை உட்காரவைத்து, பொம்மைத் தேநீர் விருந்து நடத்துவதுபோலச் சத்தமாக நடிக்கிறாள். சாவியை விரிப்பின் நடுவில் வைக்கிறாள். கை பாய்கிறது, கோப்பைகள் கவிழ்கின்றன, கையும் சாவியும் விரிப்போடு உள்ளே போகின்றன. அவள் பலகைகளை மறுபடி இழுத்து மூடுகிறாள்.

எவ்வளவு சின்னப் பொருட்கள் பாருங்கள். காகிதம், தண்ணீர், பொம்மைகள். அவளை இன்னும் குழந்தையாக நினைத்து ஏமாற்ற வந்த எதிரியை, குழந்தை விளையாட்டை வைத்தே அவள் ஏமாற்றுகிறாள். பொம்மை விளையாடும் வயதைத் தாண்டியவள், பொம்மை விளையாடுவதாக நடிப்பதில்தான் அந்தக் காட்சியின் வெற்றி இருக்கிறது.

படத்தில் கோரலைன் சாவியை எறியக் கிணற்றுக்குப் போகும்போது கை பின்னாலிருந்து பாய்ந்து அவளை இழுக்கிறது. வைபி வண்டியில் வந்து இடுக்கியால் பிடிக்கிறான், கிணற்றில் தொங்குகிறான், கடைசியில் பெரிய கல்லைப் போட்டுக் கையை நசுக்குகிறான். உடைந்த துண்டுகளைச் சாவியோடும் கல்லோடும் கட்டி இருவரும் உள்ளே எறிகிறார்கள். விறுவிறுப்பான காட்சிதான். ஆனால் அவள் திட்டம் போட்ட இடத்தில் அவள் காப்பாற்றப்படுகிறாள். படத்தின் மற்ற மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லி நியாயப்படுத்தலாம். இதை மட்டும் என்னால் முடியவில்லை. மேசைவிரிப்புக் காட்சியில் திரைக்கு ஒவ்வாதது எதுவும் இல்லை. மனக்குரல் தேவையில்லை, அவள் பொம்மைகளோடு சத்தமாகவே பேசுகிறாள். கை புல்லுக்குள் ஊர்ந்து வருவதைப் பார்ப்பவர் மட்டும் காணலாம். செலிக்கைப் போன்ற ஒருவர் கையில் அது எப்படி வந்திருக்கும்!

குழந்தை விஷயம். ஒன்பது வயதுக்கு நாவல் ஏற்றது. தனியாகப் படிக்கவிடாமல் நீங்கள் வாசித்துக்காட்டுவது இன்னும் நல்லது, இரவில் இரண்டு அத்தியாயம் என்றால் ஒரு வாரத்தில் முடியும். பெற்றோர் காணாமல்போகும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கவைக்காதீர்கள். குளவிக் கதை முடியும்வரை வாசித்துவிட்டு நிறுத்துங்கள்; முடிவெடுத்த கோரலைனோடு குழந்தை தூங்கட்டும். நிலவறை அத்தியாயத்தைப் பகலில் வையுங்கள். பொதுவாகப் பெரியவர்களுக்குத்தான் இந்த நாவல் அதிகம் பயம் தருகிறது: நாம் அதைக் காணாமல்போகும் பிள்ளையின் கதையாகப் படிக்கிறோம், பிள்ளைகள் அதைச் சாகசமாகப் படிக்கிறார்கள். படமோ பிம்பத்தால் தாக்குகிறது. தைத்த வாய், ஊசிச் சிலந்தி, மாறிய முகங்கள், இவை கண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிம்பங்களுக்கு எளிதில் பயப்படும் குழந்தை என்றால் படத்தை ஓரிரு வருடம் தள்ளிவையுங்கள்.

வரிசை என்று கேட்டால், நாவல் முதலில். படத்தை முதலில் பார்த்த குழந்தை புத்தகத்தில் வைபியைத் தேடும், அவன் வராததை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே படத்தைப் பலமுறை பார்த்தவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு வழி. பச்சைக் கையுறையைப் பின்தொடருங்கள். நாவலில் பள்ளிக்கூட உடுப்பு வாங்கக் கடைக்குப் போகும்போது கோரலைன் பளிச்சென்ற பச்சைக் கையுறை கேட்கிறாள், அம்மா வாங்கித்தருவதில்லை. படத்தில் அது வரிபோட்ட கையுறை. அங்கும் முதலில் மறுப்புதான். ஆனால் படத்தின் முடிவில் அம்மா அதைப் பரிசாகக் கொடுக்கிறாள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடி மண்ணைக் கிளறிப் பூச்செடி நடுகிறார்கள், பெற்றோர் மாறிவிட்டார்கள்.

நாவலில் பெற்றோருக்கு எதுவுமே நினைவில்லை. அவர்கள் மாறுவதும் இல்லை. அப்பா அன்றைக்கும் ஏதோ ஒரு பரிசோதனையாகப் பீட்சா செய்கிறார், மாவு தடித்து வேகாமல், குடைமிளகாயும் இறைச்சி உருண்டையும் அன்னாசித்துண்டும் போட்டு. கோரலைன் தன் பங்கு முழுவதையும் சாப்பிடுகிறாள். அன்னாசித்துண்டுகளை மட்டும் ஒதுக்கிவைக்கிறாள்.